எல்லைக்கல் வரை போன பஸ் பயணம்

ஆடி 10, வெள்ளி
காலையிலிருந்து புழுதிக்காற்று. தலைக்குக் குளித்து, திரௌபதி அம்மன் கோயிலில் காப்பு கட்டிக்கொண்டேன். பத்தாம் நாள் தீமிதி. அதுவரை ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை, ஊர் எல்லை தாண்டக் கூடாது. வேண்டுதல் ஒன்றுதான், இவர் வெளியே வர வேண்டும். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்ததில் எங்கள் ஊரில் இவரோடு சேர்த்து ஆறு பேரைப் போலீஸ் பிடித்துப் போய் இன்று எட்டாம் நாள். திருக்கோவிலூரில் அடைத்திருக்கிறார்கள். வெட்டிப் போட்ட புளியமரம் ரோட்டோரம் அப்படியே கிடக்கிறது. இவர் வேடிக்கை பார்க்கப் போனவர். யாரிடம் சொல்ல.
கற்பூரம் வாங்க. மஞ்சள் புடவை பழையதே போதும்.

ஆடி 13, திங்கள்
தம்பி வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான். புதன்கிழமை ஜாமீன் கிடைக்குமாம். ஆளுக்கொருவர் நிலத்தைக் காட்டி ஜாமீன் நிற்க வேண்டும். எங்களுக்கு இருப்பது அப்பா என் பேரில் எழுதின அரை ஏக்கர்.
“நீதான்க்கா கோர்ட்டுக்கு வரணும். பத்திரத்த மட்டும் எடுத்துக்கினு போனா ஒத்துக்க மாட்டாங்களாம்.”
காப்பு கட்டின கையைக் காட்டினேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.
மாமியார், “கட்டின காப்ப அவுக்கறதா? எம்புள்ள உசுரோட விளையாடாத.”
பூசாரி, “எல்ல தாண்டினா வேண்டுதலு அவ்ளோதாம்மா. அப்புறம் உன் இஷ்டம்.”
என் இஷ்டம். இதுவரை யார் கேட்டார்கள்.
நிலம் உள்ள இரண்டு பங்காளி வீடுகளில் கேட்டாயிற்று. “எங்க வூட்டு ஆளுக்கே நிக்கணும்” என்றார்கள்.

ஆடி 15, புதன்
கிளம்பினேன். நிஜமாகவே. பையில் பத்திரம், ரேஷன் கார்டு. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பஸ் நின்றது. இந்தப் பக்கம் நான்.
“ஏறுறீங்களா இல்லயா?” கண்டக்டர். என் மணிக்கட்டைப் பார்த்தான், அவனே விசில் கொடுத்துவிட்டான்.
பக்தி என்று எழுதினால் பொய். பயம். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊரே என்னைத்தான் சொல்லும்.
சாயங்காலம் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். தெருவில் வெடி. கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆடி 17, வெள்ளி
தூறல். இவரைக் கடலூர் ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்களாம். மறுபடி எப்போது மனு போடுவது, தெரியாது. வக்கீல் ஊரில் இல்லை. சாப்பிடவில்லை.

ஆடி 19, ஞாயிறு
தீமிதி. பெண்களில் நாலாவதாக இறங்கினேன். ஒரு கொப்புளம் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் கூடக் காலில் விழுந்தார்கள். “ஆத்தா கண்ணத் தொறந்துட்டா” என்று மாமியார் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. காப்பைக் கழற்றியாயிற்று.

ஆடி 20, திங்கள்
தம்பியோடு கடலூர். மூன்று பஸ் மாறி. கம்பிக்கு அந்தப் பக்கம் இவர், தாடியோடு, இளைத்து.
“அஞ்சு பேருக்கும் ஆளு வந்துச்சி. கோர்ட்டு வாசலயே பாத்துக்கினு இருந்தேன்.”
காப்பு, எல்லை, தீமிதி எல்லாம் சொன்னேன். கால் சுடவில்லை என்பதையும் சொன்னேன், புத்தி கெட்டுப்போய்.
“யாருக்கு வேண்டிக்கின?”
“உங்களுக்குத்தாங்க.”
பேச இன்னும் நேரம் இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார்.