அம்மாவின் அரை டம்ளர் தண்ணீர்

செவ்வாய், இரவு.

போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இன்று தி. நகர் சிக்னலில் பச்சை நேரத்தைக் கூட்டினேன். நெரிசல் அங்கே தீர்ந்தது. அத்தனை வண்டிகளும் சைதாப்பேட்டையில் போய் முட்டிக்கொண்டு நின்றன. ஒரு சிக்னலை மட்டும் பார்க்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்பவள் நான்தான்.

சாயங்காலம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இதய டாக்டர், "தண்ணிய குறைங்கம்மா, நுரையீரல்ல நீர் கோத்திருக்கு" என்றார். பக்கத்து அறையில் சிறுநீரக டாக்டர், "நிறைய குடிக்கணும், இல்லன்னா கிட்னி தாங்காது" என்றார்.

"நடுவுல ஒரு சுவருதானே சார், ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். பேசுவதாகச் சிறுநீரக டாக்டர் சொன்னார். இன்னும் போன் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"தாகமா இருக்குடி. குடிக்கட்டுமா?"

"பாதி குடிம்மா" என்றேன்.

யாரைக் கேட்டுச் சொன்னேன்?