மிச்ச அரை மணி

மார்ச் 4

இன்று ஒரு முழுப் பக்கம் எழுதுவதாக முதியோர் மாலை வகுப்பு டீச்சரிடம் சவால் விட்டிருக்கிறேன். வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டுக்கு வெள்ளையடித்த கை. சுவரில் நேராகப் போனது, தாளில் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குகிறது. போகட்டும். நானே எழுதி நானே படிக்கிறேன், அதுதான் விஷயம்!

மகள் காலையில் விமானம் ஓட்டப் போனாள். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம், ஒரே இன்ஜின். எங்கள் மாடிக்கு மேலே அது போனால், பக்கத்து வீட்டுக்காரர் "உங்க பொண்ணு போகுது" என்பார். ஏதோ பஸ்ஸில் போகிற மாதிரி.

மார்ச் 5

பக்கம் நிறையவில்லை. டீச்சர் சிரித்தார்.

மார்ச் 9

மகள் வேலை பார்க்கும் கம்பெனியின் விமான ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். மகள் இறக்கைமேல் ஏறி, டேங்குக்குள் குச்சி விட்டுப் பெட்ரோலை அளந்துகொண்டிருந்தாள். முதலாளி கீழே நின்று கத்தினார்.

"இன்னும் ரெண்டு பெட்டி ஏத்தணும். பெட்ரோலக் குறைச்சுப் போடு."

விமானம் தூக்கும் எடைக்கு ஓர் அளவு உண்டாம். சாமான் கூடினால் பெட்ரோல் குறைய வேண்டும்.

"எதிர்காத்து அடிச்சா?"

"நேத்து அடிச்சுச்சா? கிளம்பும்மா."

குறைத்துக்கொண்டாள்.

வீட்டில் கேட்டேன். "பத்துதா?"

"போக, வர, அதுக்கு மேல அரை மணி நேரத்துக்கு இருக்கு. அந்த அரை மணியத் தொடக்கூடாதுப்பா. அது சட்டம்."

"தொட்டா?"

"தொடமாட்டேன்."

தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மார்ச் 10

காற்று. மூன்று முறை மாடிக்குப் போனேன். கொடியில் கிடந்த துணி கிழக்கே பறந்தது. அவளுக்கு அது எதிரா, ஆதரவா? அது தெரியாமல் எதற்கு ஏறினேன்?

மார்ச் 12

ஷெட்டின் மெக்கானிக் வாயைத் திறந்தால் தகரம் அதிரும். அதனால் எல்லோரும் அவரை சைலன்சர் என்கிறார்கள். மேலே போன பிறகு பெட்ரோல் குறைந்தால் என்ன செய்வார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"கொஞ்சம் கம்மியா இருக்குன்னு சொன்னா, இறங்க வழி சொல்ற டவர்ல ஒண்ணும் நடக்காது பெரியவரே. எல்லாருக்கும்தான் கம்மி. 'மினிமம் ஃபியூயல்'னு சொன்னா, இங்கதான் இறங்கியாகணும், இதுக்கு மேல தாமதம் தாங்காதுன்னு அர்த்தம். அந்த அரை மணியையே தொடப்போறோம்னா 'மேடே' சொல்லணும். சொல்லிட்டா மத்தவங்கள ஒதுக்கிட்டு வழி விடுவாங்க."

"அப்ப சொல்லிட வேண்டியதுதானே?"

"விசாரணை வருமே! போன வருஷம் ஒருத்தர் சொன்னாரு. முதலாளி அவர மறுநாளே வேலைய விட்டு அனுப்பிட்டாரு."

இரவு மகளிடம், "நீ சொல்லுவியா?" என்றேன்.

"எதுக்குப்பா இப்ப அதெல்லாம்?"

இது பதிலா? சின்ன வயதில் உடம்பு கொதிக்கும்போதே "லேசாத் தலவலி" என்றவள்.

மார்ச் 17

இரவு வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுத வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டில் சைலன்சரின் கைரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் திரும்பி வந்துவிட்டாள், ஆனால் இறங்க முடியவில்லை. மேலே வரிசை. ரேடியோப் பேச்சு எனக்குப் புரியாது, குரல் மட்டும் புரியும். சைலன்சர் அர்த்தம் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

பெட்ரோல் கொஞ்சம் கம்மி, முடிந்தால் சீக்கிரம் இறங்க விடுங்கள் என்றாளாம். சரி, காத்திருங்கள், உங்களுக்கு முன்னால் ஆள் இருக்கிறது என்றாராம் டவர்காரர்.

கொஞ்சம்! முடிந்தால்!

"வார்த்தையச் சொல்லுங்க மேடம்!" சைலன்சர் ரேடியோவைப் பார்த்துக் கத்தினார். அது அவள் காதுக்குப் போகுமா?

"நீ சொல்லேன்யா, அந்த பட்டன அமுக்கி!"

"கூடாது பெரியவரே. டேங்குல என்ன இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்கதான் சொல்லணும்."

முதலாளி நனைந்துகொண்டே வந்தார். "அவ சமாளிச்சுக்குவா" என்றார். அட, நானும் ஊரெல்லாம் அப்படித்தானே பீற்றிக்கொண்டேன்?

ரேடியோவில் யார் யாரோ பேசினார்கள். அவள் குரல் இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன் -

வந்தது. ஒரே வார்த்தை, மூன்று தடவை. மேடே, மேடே, மேடே. கடையில் சாமான் கேட்கிற நிதானத்தில் சொன்னாள்.

"கெடுத்தாளே!" என்று முதலாளி தலையில் கை வைத்தார். நான் சைலன்சரைக் கட்டிக்கொண்டு குதித்தேன். பெண் ஆபத்து என்கிறாள், அப்பன் குதிக்கிறான்! பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மற்றவர்களை விலக்கினார்கள். மழைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு விளக்கு வந்தது, ஆடியது, தரையைத் தொட்டது. சைலன்சர் ஓடிப்போய்க் குச்சி விட்டுப் பார்த்தார். நுனிதான் ஈரம்.

மார்ச் 18

வேலை போயிற்று.

மார்ச் 20

விசாரணை அதிகாரி மகளைக் கூப்பிட்டார். அன்று ஏன் பெட்ரோலைக் குறைத்துப் போட்டாய் என்று கேட்டாராம்.

"முதலாளி சொன்னதச் சொன்னியா?"

"சொன்னேன்ப்பா. ஆனா சரின்னு கிளம்புனது நான்தானே? அதையும் சொன்னேன்."

இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றாராம் அவர். இன்னொரு பரீட்சை எழுத வேண்டுமாம். லைசென்ஸ் தப்பியது.

மார்ச் 29

சும்மா இருக்கத் தெரியாதவள். ஜன்னலைத் துடைக்கிறாள், துடைத்த ஜன்னலையே மறுபடி துடைக்கிறாள். மேலே இன்ஜின் சத்தம் கேட்டால் மட்டும் கை நிற்கிறது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மாடிக்குப் போய்விடுகிறேன்.

ஏப்ரல் 11

பரீட்சை தேறினாள். தபால் ஏற்றும் கம்பெனியிலிருந்து போன். சம்பளத்தை விட்டுவிட்டு வேறு கேட்டாள்.

"பெட்ரோல் எவ்வளவுன்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

போனுக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தேன். "நீங்கதான் மேடம். வேற யாரு?"

ஏப்ரல் 22

காலையில் தபாலோடு போனாள். காற்று பலமாகத்தான் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். அவள் வந்து கதவைத் தட்டியதுகூடக் கேட்கவில்லை.

"எத்தன தடவ தட்டுறது? உயிரே போயிடுச்சுப்பா எனக்கு" என்று பிடி பிடியென்று பிடித்தாள்.

திட்டட்டும்.