எங்கள் பங்கில் எல்லோரும் உயிரோடு

பட்டாபிராம்,
13-11-1995

அன்பு மாப்பிள்ளை ஜேம்ஸுக்கு, மாமன் பிரகாசம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வந்தது. ஆனால் இந்த மாதம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருஷம் லீவில் வந்தபோது சர்ச் கம்ப்யூட்டரில் நம் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் அத்தனை பேரையும் ஏற்றி, என்னிடம் ஒப்படைத்துவிட்டு மஸ்கட் போனாயே, அந்த அட்டவணை நாசமாகிவிட்டது. என் தப்பு இல்லை. ஆவடி ராணுவ ஃபேக்டரியில் டாங்கிக்கே போல்ட்டு முடுக்கிய கை இது. நான் முடுக்கியதைப் பார்த்து ஒரு ஜெர்மன்காரன் தொப்பியைக் கழற்றினான். எட்டாவதோடு நின்றாலும் எந்த மெஷினும் என் பேச்சைத் தட்டியதில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ரயில்வே சைடிங் பக்கத்துத் தாயம்மாள் இறந்துபோனாள். அவள் பெயருக்கு நேரே காலமானார் என்று போட வேண்டும். நீ கொடுத்த தாளில் இரண்டு கட்டளை இருந்தது: ஒன்று ஓர் ஆளுக்கு, ஒன்று எல்லோருக்கும். எல்லோருக்கும் உள்ளது சின்னதாக இருந்ததால் அதை அடித்தேன். பங்கே காலமாகிவிட்டது. அதைக் கவனிக்காமல், பொறுப்பான ஆள் பார், நீ சொன்னபடி உடனே ஃப்ளாப்பியிலும் நகல் எடுத்தேன். அதிலிருந்த நல்ல அட்டவணையும் போச்சு!

திருநாள் பூசையில் உபதேசியார் இறந்தவர்கள் பெயரை வாசித்தார். முதல் பெயரே அந்தோணிராஜ். அவன் ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி ஞானகுமாரி போட்ட கூச்சலில் லோக்கல் ரயில் சிக்னல் இல்லாமலே நின்றதாம்.

அன்றிலிருந்து தெருவில் தலைகாட்ட முடியவில்லை. டீக்கடையில் பால்ராஜ், "இன்னா மாமே, செத்தவனுக்கு டீ குடுக்கலாமா? ஃபாதரைக் கேட்டுகினு வா" என்கிறான். ஞானகுமாரியோ, "அண்ணாத்தே, எங்க ஊட்டுக்காரரு இன்னிக்கு உசுரோட கீறாரா, மெஷின்ல பாத்து சொல்லு" என்று மார்க்கெட்டில் வைத்துக் கேட்கிறாள். மாதக் கடைசி ஞாயிறு மறுபடி பெயர் வாசிக்க வேண்டும், அதற்குள் சரியாகாவிட்டால் கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கொடுத்துவிடு என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

விடுவேனா? அதே கட்டளையில் காலமானாருக்குப் பதில் உயிரோடு என்று அடித்து எல்லோரையும் எழுப்பினேன். ஆண்டவருக்கு அப்புறம் நான்தான். பிறகுதான் புத்தி வந்தது: நிஜமாகவே போனவர்களும் சேர்ந்து எழுந்துவிட்டார்கள். அவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப அடிக்க வேண்டும். வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் யார் செத்தது என்று கேட்டேன். இரண்டு வீட்டில் துடைப்பம் வந்தது. கல்லறையில் சிலுவை சிலுவையாகப் படித்தேன். முட்டி போய்விட்டது, மாப்பிள்ளை.

எல்லாம் முடித்துவிட்டேன். ஒரு வரிதான் பாக்கி. தெரசா, உன் அம்மா.

ஜூலையில் அக்கா போனபோது அந்த வரியை எனக்குப் பதிலாக ஃபாதர்தான் அடித்தார். இப்போது சாவி என் கையில். தினமும் போய் உட்காருகிறேன். மெஷின் தகராறு என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டு எழுந்து வருகிறேன். ஞாயிறு வாசிப்பில் அவள் பெயரை உபதேசியாரிடம் வாயாலேயே சொல்லிவிடுவேன். அது விட்டுப்போகாது.

அடக்கத்துக்கு உனக்கு லீவு தரவில்லை. கிறிஸ்துமஸுக்காவது எப்படியாவது கேட்டு வாங்கிக்கொண்டு வா. அந்த ஒரு வரியை நீயே அடி, நான் பக்கத்தில் நிற்கிறேன். அதுவரை அக்கா பெயருக்கு நேரே உயிரோடு என்றே இருக்கட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தாய்மாமன்,
பிரகாசம்