கீழ்க் கட்டம்

ஜூலை 8

மழை விட்டது. இந்தக் கைப்பேசியில் பேசினால் அதுவே எழுத்தாக்கிக்கொண்டு, திரும்ப வாசித்தும் காட்டுகிறது. அச்சுத் தமிழில் பேசினால்தான் அதற்கு உடனே விளங்குகிறது. கொச்சையாகப் பேசினால் உளறுகிறது, இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கென்ன கஷ்டம்? முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் கோப்பு தூக்கியவன். அதிகாரிகள் பேசியதெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. எழுத்துதான் தெரியாது. அங்கே யாருக்கும் அது தெரியாமலே ஓய்வு பெற்றேன். வீட்டிலும் தெரியாது.

ஜூலை 11

மலையிலிருந்து மகள் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுக் காலையில் போனாள். பேத்தி என்னோடு தங்கிப் பத்தாவது படிக்கிறாள். தாய் இருக்கும்போதே, நேற்றுப் பள்ளியிலிருந்து ஒட்டிய உறை ஒன்று கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தாள். வீட்டுப் பெரியவரிடம் கொடுக்கச் சொன்னார்களாம். போன மாதம் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்களே, அது பற்றி. அவள் குளிக்கப் போனதும் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன் — ஆளில்லாத அறையில் யாருக்காக அந்த நடிப்பு? மேலும் கீழுமாக இரண்டு கட்டம். எங்கள் அலுவலக விடுப்புத் தாளில் கீழ்க் கட்டத்தில் டிக் விழுந்தால்தான் கேட்டவன் முகம் மலரும். கீழே டிக் போட்டு, கையெழுத்து என்று நான் வரையும் கோழிக்கிறுக்கலையும் போட்டு, ஒட்டி அவள் பையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 2

பேத்திக்குக் கால்வலி. ஓடி ஆடியதாக இருக்கும்.

ஆகஸ்ட் 19

பள்ளியிலிருந்து அழைத்தார்கள். செவிலியர் அறைக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கண் மஞ்சள்.

"ரத்த அணு அரிவாள் மாதிரி வளையுற நோய்ங்க. உங்க மலை ஆளுங்க நிறைய பேருக்குப் பரம்பரையா வருது. தினம் மாத்திரை, மாசம் ஒரு பரிசோதனைன்னு இருந்தா சமாளிக்கலாம். நீங்கதான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டீங்களே" என்றார் செவிலியர். தாளை எடுத்து விரலை வைத்தார். கீழ்க் கட்டம். 'மறுக்கிறேன்' என்று போட்டிருக்கிறதாம்.

வாசலில் நின்ற வகுப்பாசிரியர், "இவங்க எப்பவும் இப்படித்தான் மேடம். ஊசின்னா காட்டுக்குள்ள ஓடிருவாங்க" என்றார்.

"யாருங்க கையெழுத்துப் போட்டது? மறுத்தவங்களே வந்து மாத்திக் குடுக்கணும்" என்றார் செவிலியர்.

பேத்தி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அம்மாதான். அப்ப வந்திருந்துச்சு. அதுக்கு ஊசின்னா பயம்."

நான் குனிந்து அவள் செருப்பைத் தேடினேன்.

ஆகஸ்ட் 21

பேத்தி போனில் தாயிடம் கத்தினாள். "உன் பயத்துக்கு என் உசுரா கெடச்சது?" துண்டித்துவிட்டாள். பிறகு மகள் என்னை அழைத்தாள். "அப்பா, நான் எந்தத் தாளப் பாத்தேன்? இவ என்னென்னமோ சொல்றா."

"விடும்மா, வலியில பேசுது" என்றேன்.

தூ! நீயெல்லாம் ஒரு அப்பனா? பெத்த மக தலையில பழியக் கட்டிட்டு, ஆறுதல் வேற சொல்ற.

ஆகஸ்ட் 22

சோறு இறங்கவில்லை. மாத்திரை இல்லாமல் மூன்று நாள் போய்விட்டது. என் மானத்துக்கு அவள் வலிதான் விலையா?

ஆகஸ்ட் 23

மத்தியானம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தவள், விரலைக் காட்டினாள். வீங்கியிருந்தது. "பேனா நிக்க மாட்டேங்குது தாத்தா. நாளைக்குப் பரீட்சை."

சொல்லிவிட்டேன். டிக் போட்டது நான். படிக்கத் தெரியாது.

நோட்டை மூடினாள். "அப்ப தினம் பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"படம் பாத்தேன்."

சிரிக்கவில்லை. "நான் அம்மாவத் திட்டுனப்ப பக்கத்துலதான இருந்தீங்க?"

இருந்தேன். படிக்கத் தெரியாததை மன்னிப்பாள். இதை எப்படி மன்னிப்பாள்?

ஆகஸ்ட் 24

செவிலியர் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய பெற்றோர். வகுப்பாசிரியரும் இருந்தார். நல்லதாயிற்று, எல்லார் காதிலும் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன். "எனக்குப் படிக்கத் தெரியாது மேடம். கட்டம் மாறிப் போட்டது நான்தான், என் மக இல்ல. எங்க ஆளுங்க எங்கயும் ஓடல சார்."

ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செவிலியர் என்னை உட்காரவைத்துத் தாளை முதலிலிருந்து வாசித்தார். காது எரிந்தது. ஒருமுறை கேட்டது போதும், இப்போதும் ஒப்பிப்பேன். மேல்கட்டத்தில் டிக் போட்டேன்.

எழுந்தபோது, எட்டாவது படிக்கும் பையனின் தாய், எங்கள் மலைக்காரிதான், முந்தானைக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினாள். "எனக்கும் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கம்மா. நான் பாட்டுக்கு எங்கயோ ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்."

அக்டோபர் 12

மாத்திரை தொடங்கி நாற்பத்தொன்பது நாள். இரண்டு பரீட்சை போனது போனதுதான். இப்போது மூன்று மாடி ஏறுகிறாளாம், செவிலியர் சொன்னார். என்னிடம் 'சாப்பிடுங்க', 'கதவ சாத்திக்கோங்க' தவிர வேறு பேச்சில்லை.

சாயங்காலம் உள்ளறையில் போன். "குறுக்க பேசாதம்மா! சொல்றத முழுசாக் கேளேன்..." அம்மாவோடு ஏதோ சண்டை. நடுவில் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு நன்றாகக் காதில் விழ, மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.