நைனாவின் போனில் ஃபைல் மேனேஜர் இல்லை

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையிலேயே தூறல். நாராயணவனத்திலிருந்து புத்தூர் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து திருப்பதி பஸ். ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. இடது தோள் முழுக்க நனைந்தபடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ரெக்கார்டு அறையில் பழைய கேஸ் ஷீட் அலமாரிக்குப் பூச்சி உருண்டை வாங்க வேண்டும். இரண்டு வாரமாக எழுதுகிறேன், வாங்கத்தான் இல்லை.

மதியம் பெங்களூரிலிருந்து தங்கச்சி புவனா போன். அவள் கம்பெனி விலை குறைந்த போன் ஒன்று கொண்டுவரப் போகிறதாம். அதில் ஃபைல் மேனேஜர் வைப்பதா வேண்டாமா என்று இவளுடைய குழு முடிவு செய்ய வேண்டும். இவள் வேண்டாம் கட்சி. எல்லாவற்றையும் 'சமீபத்தியவை' என்று ஒரே வரிசையாகக் காட்டிவிட்டால் போதுமாம். எது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஜனங்களுக்கு எதற்கு என்கிறாள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் பிழைப்பே. என்னிடமா கேட்பது? சோறு ஆறும் வரை சண்டை.

கடைசியில், உன் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைக் கேட்டுச் சொல்லு என்றாள். சம்பளமில்லாத சர்வே. சரி என்றேன். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. டவுன்லோடு ஆகிவிட்டது என்று போன் சொல்கிறது. எங்கே போய் உட்கார்ந்தது என்று மட்டும் சொல்வதில்லை.

வாங்க: பூச்சி உருண்டை, அம்மாவுக்குத் தைலம், குடைக்கு ஒரு கம்பி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

சர்வே ஆரம்பம். வாசல் செக்யூரிட்டிக்கு ஃபைல் மேனேஜர் என்றால் என்னவென்றே தெரியவில்லை. அதான் கேலரி இருக்கிறதே என்றார். பில்லிங் சுஜாதா "நாகு எந்துக்கு அதி?" என்று தெலுங்கில் முகம் சுளித்தாள், எனக்கு எதற்கு அது என்று. எதுவாக இருந்தாலும் தனக்கே ஒரு மெயில் போட்டுக்கொள்வாளாம். அவளுக்கு அவளே தபால்காரி.

பதினோரு மணிக்கு சத்தியவேடு பக்கத்து ஆள் ஒருவர். அங்கே ஏதோ ஃபேக்டரியில் வேலை. அவர் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் போனில்தான் இருக்கிறதாம், ஆனால் கிடைக்கவில்லை. கேலரியை மேலும் கீழும் தள்ளுகிறார். குழந்தை, ஆடு, கல்யாணப் பந்தல், மறுபடி ஆடு. உள்ளே டாக்டரிடம் அவர் முறை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் வாங்கிப் பார்த்தேன். ஃபைல் மேனேஜர் இருந்தது, கால்குலேட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். திறந்தால் அதே ரிப்போர்ட் ஐந்து தடவை. கிடைக்கவில்லை கிடைக்கவில்லை என்று மறுபடி மறுபடி இறக்கியிருக்கிறார். ஒன்று, இரண்டு என்று அடைப்புக்குறிக்குள் நம்பர் போட்டுக்கொண்டு வரிசையாக இருந்தது.

"எல்லாம் இங்கதான் குந்திக்கினு கீதா?" என்றார். அந்த முகத்தைப் புவனா பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஒரு ஓட்டு.

ராத்திரி வீட்டில் வேறு கதை. போன வாரம் புவனாவுக்காக ஒரு இடத்துக்கு எங்கள் அப்பா, நைனா, ஜாதகமும் போட்டோவும் அனுப்பியிருந்தார். நகரிக்காரர்கள். பையன் குமரவேல், ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இன்றைக்குப் பையனின் அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நைனா ஸ்பீக்கரில் போட்டார். பத்துக்கு எட்டுப் பொருத்தமாம். போட்டோவும் பார்த்தாச்சாம். பிறகு, "ஆயில்யம்னு நீங்க ரோசன பண்ணாதீங்க. எங்கூட்ல மாமியாரே இல்ல, ஆருக்கு இன்னா ஆவப்போவுது" என்றார்.

அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். புவனா ரோகிணி. இந்த வீட்டில் ஆயில்யம் ஒருத்திதான். நான்.

ஆகஸ்ட் 21, புதன்

தூக்கம் சரியில்லை. பஸ்ஸில் தூங்கி, திருச்சானூர் தாண்டித்தான் கண் விழித்தேன்.

என்ன நடந்தது என்று இப்போது புரிகிறது. புவனாவின் போட்டோவோடு என் ஜாதகம் போயிருக்கிறது.

என் ஜாதகம் இருக்கவே கூடாது. ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நம்பி வரிசையாகப் பல வீட்டுக்காரர்கள் ஒதுங்கினார்கள். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. பதிலே வராது, அவ்வளவுதான். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்கூடப் போனை எடுக்க மாட்டார்கள். கடைசி வீட்டுக்குப் பிறகு நானே சொன்னேன், எனக்குப் பார்க்க வேண்டாம் என்று. நைனா காகிதத்தைக் கிழித்தார். போனில் இருந்ததை நானே அழித்தேன். மெசேஜிலிருந்து, கேலரியிலிருந்து. நன்றாக நினைவிருக்கிறது, ஒரு திருப்தியோடு அழித்தேன்.

அழியவில்லை. வேறு எங்கோ இருந்திருக்கிறது. ஆடியில் புவனா நைனாவுக்குப் புது போன் கொடுத்தாள். அவள் கம்பெனியில் சோதனைக்கு வைத்திருந்தது, ஃபைல் மேனேஜர் இல்லாத ரகம். பழையதிலிருந்து எல்லாவற்றையும் அவளே மாற்றிக் கொடுத்தாள். மாற்றிய அன்றைய தேதி எல்லா ஃபைலுக்கும் விழுந்துவிட்டது. கிழித்துப் போட்ட ஜாதகம் 'சமீபத்தியவை'யில் புவனாவுடையதற்கு மேலே வந்து நிற்கிறது. இரண்டு ஜாதகத்துக்கும் நாலு மூலையில் மஞ்சள், நடுவில் கட்டம். அந்தச் சின்னப் படத்தில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

நைனாவைக் கேட்டேன். மேலே இருந்ததை அனுப்பினேன் என்றார், பாவம். பொய் சொல்கிற முகம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன், ஆனால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பூச்சி உருண்டை வாங்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

நல்ல வெயில். சுஜாதா மாங்காய் கொண்டுவந்தாள், பல் கூசியது.

சர்வேயில் இன்று: ஒரு நர்ஸ், ஃபைல் மேனேஜர் இருந்தால் வீட்டுக்காரர் நோண்டுவார், அதனால் வேண்டாம் என்றாள். இது நான் யோசிக்காத பக்கம். குறித்துக்கொண்டேன். புவனாவுக்கு ஒரு ஓட்டு.

சாயங்காலம் நைனாவின் போனில் நானே ஒரு ஃபைல் மேனேஜரை இறக்கினேன். என் ஜாதகம் எந்த மூலையில் ஒளிந்திருந்தது என்று பார்க்காமல் எனக்கு ஆறாது. தமிழில் அதன் பெயர் 'கோப்பு மேலாளர்'. நைனா எட்டிப் பார்த்து, மேனேஜரா, இவனுக்கு நாம மாசா மாசம் சம்பளம் கொடுக்கணுமா என்றார்.

திறந்தது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர். நான் அழித்தது மெசேஜில் வந்த நகலைத்தான். எப்போதோ நைனா அதையே டவுன்லோடு செய்திருக்கிறார், அந்த நகல் டவுன்லோடு ஃபோல்டரில் அப்படியே. பெயர் 'ஸ்கேன்0003'. புவனாவுடையது 'ஸ்கேன்0004'. என் வாழ்க்கைக்கும் அவள் வாழ்க்கைக்கும் ஒரு நம்பர்தான் வித்தியாசம்.

பக்கத்து ஃபோல்டரில் வந்து சேர்ந்த மற்ற ஜாதகங்கள். தரகர்கள் அனுப்பியவை. 'டாக்', 'டாக் புதுசு', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', பெயரே இல்லாமல் வெறும் எண்கள். எந்தப் பிள்ளை யார் என்று பெற்றவர்களுக்கே தெரியாது. அதற்கு நடுவில் தமிழில் இப்படி:

குமரவேல் ஜாதகம் பக்கம் 1 ராசி
குமரவேல் ஜாதகம் பக்கம் 2 நவாம்சம்
குமரவேல் ஜாதகம் பக்கம் 3 தசை இருப்பு
குமரவேல் முதலில் இதைப் படிக்கவும்

சிரித்துவிட்டேன். எத்தனையோ வருஷமாக டாக்டர்களிடம் கெஞ்சுகிறேன், ஃபைலுக்குப் பெயர் வையுங்கள், பக்க எண் போடுங்கள் என்று. இந்த மனுஷனிடம் யாரும் கெஞ்சவில்லை.

நாலாவதை வீட்டில் யாரும் படித்திருக்கவில்லை. நைனா தொட்டபோது, இதைத் திறக்க ஆப் இல்லை என்று போன் சொல்லியிருக்கிறது, அவரும் விட்டுவிட்டார். கோப்பு மேலாளர் திறந்தார். வெறும் எழுத்து, படம் கிடையாது. பார்த்து அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா இல்லை. வீட்டில் நானும் அப்பாவும். சமையல் நான்தான், சாம்பார் சுமார், மீன் குழம்பு நன்றாக வரும். அனுப்பிய போட்டோ பழையது, இப்போது முன்பக்கம் முடி ஏறிவிட்டது. குறட்டை உண்டு, அப்பாவுக்கும் உண்டு. வேலையை விட்டு வேறு ஊர் போகும் எண்ணம் இல்லை. பெண் வேலைக்குப் போவது அவர் விருப்பம். நேரில் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டோம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று இரண்டு நாளில் சொல்லிவிடுவோம்."

மூன்று தடவை படித்தேன். நைனா போனைத் திருப்பிக் கேட்டார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அம்மா அவசரப்படுத்துகிறாள். நல்ல இடம், கைவிட்டுப் போய்விடும், ஜாதகம் மாறிப்போச்சு என்று சொல்லி சின்னவளுடையதை அனுப்பிவிடலாம் என்கிறாள். நைனா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா என்னை நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. மறுபடி ஒரு வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் போவதை அவளால் தாங்க முடியாது. என்னைவிட அவளுக்குத்தான் அது அதிகம் வலித்தது.

புவனாவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய 'சமீபத்தியவை' செய்த வேலை என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. இதை மீட்டிங்கில் சொல்லலாமா என்று கேட்டாள். பெயர் போடாமல் சொல்லு என்றேன். பிறகு அவளாகவே, "எனக்கு இப்போ வேணாம்னு ஆடியிலயே சொன்னேன்க்கா, நைனாதான் காதுல போட்டுக்கல" என்றாள். அந்த நாலாவது ஃபைலை எனக்கு அனுப்பு என்றாள். அனுப்பவில்லை. ஏன் என்று தெரியும், எழுத வெட்கம்.

சரி, எழுதுகிறேன். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆசையே வேண்டாம் என்று பூட்டி வைத்து நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒரு ஸ்டோர் கீப்பர் பக்க எண் போட்டான் என்பதற்காக இப்படி ஆகுமா? ஆகிறதே.

பயமும் உண்டு. அவர்கள் பார்த்த முகம் புவனாவுடையது. சின்னவள், சிவப்பு, சிரித்த முகம். நான் வேறு மாதிரி. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லிவிடுவோம் என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 24, சனி

இரண்டாவது சனி இல்லை, லீவு இல்லை. கூட்டம். சர்வே யாரையும் கேட்கவில்லை.

பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ ஒரு அம்மா போனில்: "மொதல்ல வேணுமா வேணாமான்னு சொல்றா, அப்பாலதான் பாக்கறது." யாரிடம், எதைப் பற்றி என்று தெரியாது. இறங்கும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பூச்சி உருண்டை வாங்கிவிட்டேன்.

புவனாவுக்கு அனுப்பிய முடிவு: பாதிப் பேருக்கு அது வேண்டாம். இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் தேவைப்படுகிற அன்றைக்கு, கால்குலேட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் யாருக்கும் உதவாது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள், திறக்காதவர்கள் திறக்காமல் போகட்டும். புவனா பதிலுக்குக் கட்டைவிரல் மட்டும் அனுப்பினாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் கறி. வேலையெல்லாம் முடித்துத் தலைக்குக் குளித்தேன்.

மூன்று மணிக்கு நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு போனை எடுத்தார். அம்மா பக்கத்தில். புவனாவுடைய ஜாதகத்தை அனுப்பத் தயாராகத் திறந்து வைத்திருந்தார்கள், இந்த முறை என்னைக் கூப்பிட்டு இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார்கள். சரிதான், புவனாவுடையதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பாத்திரத்தில் கை வைத்தேன். ஸ்பீக்கரில் ரிங் போகிற சத்தம். எடுத்தார்கள். நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு தப்பு நடந்து போச்சுங்க என்று ஆரம்பித்தார்.

ஈரக் கையோடு வெளியே வந்தேன். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நைனா, ஜாதகம் சரியாத்தான் போய்க்கீது. போட்டோதான் மாறிப்போச்சு. அத்த சொல்லு."