மெத்தைக் கண்காட்சியில் ஒரு கல்யாணம்

மார்ச் 3, திங்கள்
பொருட்காட்சித் திடலின் பெரிய மண்டபத்துக்கான என் பதிவை இன்று நானே ரத்து செய்தேன். அது நேராக மச்சான் கைக்குப் போய்விட்டது.

வருடா வருடம் ஏப்ரல் கடைசியில் அங்கே என் மெத்தைத் தள்ளுபடி விற்பனை. இந்த முறை அதே வாரம் மகள் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கப்பலிலிருந்து அப்போதுதான் லீவு. விற்பனையை ரத்து செய்துவிட்டு, உட்கார்ந்த நாற்காலியிலேயே கல்யாணத்துக்குப் பதிவு செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கையெழுத்துப் போட்டு முடித்ததும் திடல் மேலாளர் அம்மாள் சொல்கிறார்: "காத்திருப்பு வரிசையில அடுத்து இருக்கறவருக்குத்தாங்க போகும்."

அடுத்து யார்? என் மனைவியின் தம்பி. என்னிடம் தொழில் கற்று, என் கடைக்கு எதிரிலேயே மெத்தைக் கடை போட்ட மகான். அதே வாரம் அங்கே அவனுக்கும் மெத்தைக் கண்காட்சி நடத்த வேண்டுமாம்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபத்தின் பெயரோடு.

மார்ச் 4
திடலையும் ஊரிலுள்ள மண்டபங்களையும் நடத்துவது லாப நோக்கமில்லாத அமைப்பாம். லாபமே வேண்டாம் என்கிறவர்களிடம் என்ன பேரம் பேசுவது? இரட்டை வாடகை தருகிறேன் என்றேன். "வேணாங்க." அலுவலக நாற்காலிக்கெல்லாம் இலவசமாக மெத்தை போட்டுத் தருகிறேன் என்றேன். "வேணாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன். வேறென்ன செய்ய?

மற்ற மண்டபங்களும் காலியில்லை. ஒன்றில் நாய்க் கண்காட்சி. நாய்க்குக் கிடைத்த இடம் என் மகளுக்கு இல்லை.

மார்ச் 5
மனைவியிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தாள்.
"அவன்கிட்டயே போய்க் கேளுங்க."
"செத்தாலும் மாட்டேன்."
"அப்ப கடை வாசல்ல கட்டிலைப் போட்டுக் கல்யாணத்தை நடத்துங்க."

மார்ச் 6
மாட்டேன் என்றால் மாட்டேன்.

மார்ச் 8
மகள் வருங்கால மாமியாரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கப்பா ஒரு வேலையக் கையில எடுத்தா முடிச்சிட்டுத்தான் விடுவாரு அத்தை." பாதிச் சாப்பாட்டில் எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 10
மேலாளர் அம்மாளே கூப்பிட்டார். மண்டபத்தைக் கை மாற்ற முடியாதாம். ஆனால் பதிவு செய்தவர் எழுதிக் கொடுத்தால், அவர் நிகழ்ச்சியிலேயே ஒரு பகுதியாகக் கல்யாணத்தைச் சேர்க்கலாமாம்.

"அப்ப நான் ரத்து பண்ணாம இருந்திருந்தா?"
"நீங்களே சேர்த்திருக்கலாங்க. நீங்க கேக்கவே இல்லையே?"

கடையில் இருந்ததிலேயே விலை கூடிய மெத்தையில் குப்புற விழுந்து கிடந்தேன்.

மார்ச் 11
தெருவைக் கடந்தேன்.

"வாங்க மாமா. ஒத்தைக் கட்டிலுக்கா, ரெட்டைக் கட்டிலுக்கா?" — சனியன்!

விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"பாப்பா கல்யாணம்னு அக்கா சொல்லித்தான் தெரியும். உங்க வீட்லருந்து ஒரு பத்திரிகை வந்துச்சா? மண்டபம் வேணும்னதும் வந்துட்டீங்க."

பத்திரிகை வைக்கும் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்தவனே நான்தானே. தலையைக் குனிந்துகொண்டு அவன் மெத்தையை அமுக்கிப் பார்த்தேன். நல்ல சரக்கு, பாவி.

"பாப்பாவுக்காக எழுதித் தர்றேன். உங்களுக்காக இல்ல. ஆனா சும்மா தரமாட்டேன்."

முடிந்த பேச்சு: ஞாயிறு காலையிலிருந்து மதியம் வரை மண்டபம் கல்யாணத்துக்கு. மெத்தைகள் நகராது, மேலே வெள்ளைத் துணி விரிக்கலாம். நாளைக்கே நானும் மனைவியும் அவன் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். சனிக்கிழமை முழுக்க நான் அவனுடைய விற்பனையாள், சம்பளம் கிடையாது; யார் விலையைக் குறைக்கச் சொன்னாலும், "முதலாளியக் கேட்டுச் சொல்றேங்க" என்று சொல்ல வேண்டும்.