இரண்டாம் சுற்று வோட்டு

இஞ்சேருங்கோ,

தொலைக்காட்சியில் பலூன் கொட்டுகிறது. அமெரிக்காக்காரர் தங்கள் கட்சியின் சனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்கிற மாநாடு. ஆர் ஆள் என்று மாதக்கணக்காக எல்லாருக்கும் தெரியும். பிறகும் மாநிலம் மாநிலமாக எழும்பி நின்று பேர் சொல்லுகிறார்கள். நீங்கள் இருந்தால், "உது தாலி கட்டினாப்பிறகு பொம்பிளை பாக்கிற கதை" என்று சிரித்திருப்பீர்கள். எங்கட மாநாடு அப்படியில்லை. அன்று காலையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில், கனடாக் குடியுரிமை கிடைத்த கையோடு மாகாணக் கட்சி ஒன்றில் சேர்ந்தீர்கள். புதுத் தலைவரைத் தெரிவுசெய்ய எங்கட மார்க்கம் நகரத்திலிருந்தும் பிரதிநிதிகள் போகவேணும், அதில் அரைவாசிப்பேர் பெண்களாக இருக்கவேணும் என்பது விதி. பொம்பிளையள் காணாது என்று என்ரை பேரைக் கொடுத்துவிட்டு வந்து, கறி தாளித்துக்கொண்டு நின்றவளிடம் சொன்னீர்கள்: "நீரும் ஒரு டெலிகேட். பயப்பிடாதையும், நான் போடுற ஆளுக்கே போடும்."

எனக்கு ஏற்கெனவே ஒருத்தி மனதில் இருந்தா. போட்டியிட்ட நாலு பேரில் ஒரே பெண். கோயில் மண்டபத்துக்கு வந்து ஆதரவு கேட்ட மற்ற மூன்று பேரும் உங்கட கையைக் குலுக்கிவிட்டு எனக்குத் தலையாட்டினார்கள். அவ மட்டும் என்னிடம், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டா. நான் ஆங்கிலத்தைத் தேடிப் பிடித்து, வேலை முடிந்து வர பஸ் இல்லை என்று சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நின்றா. இதை உங்களிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

அந்த மாநாட்டு மண்டபத்தை இப்போது நினைத்தாலும் தண்ணிக்குள் நடந்த மாதிரித்தான் இருக்கிறது. பாட்டு, பதாகை, மிதந்து மிதந்து போகிற முகங்கள். முதல் சுற்றில் எங்கட தொகுதி சொன்ன ஆளுக்கே, அதாவது உங்கட ஆளுக்கே, போடவேணும். போட்டோம். நாலாவதாக வந்தவர் விலகினார். இரண்டாம் சுற்றில் விரும்பிய ஆளுக்குப் போடலாம். மட்டை மறைப்புக்குப் பின்னால் பென்சிலோடு தனிய நின்றேன். வெளியில் நீங்கள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றீர்கள். நான் அவவுக்குப் போட்டேன். தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு உங்களிடம் வந்தேன்.

கொஞ்ச வோட்டு வித்தியாசத்தில் அவ மூன்றாவதாகப் போனா. தோற்ற ஆள் எல்லாரும் பார்க்க நடந்துபோய் இன்னொருவர் பக்கம் சேருவது அங்கே வழக்கம். அவ கூட்டத்துக்குள்ளால் மெல்ல மெல்ல நடந்து உங்கட ஆளிடம் வந்தா. "பாத்தீரே, எங்கட பக்கம் வாறா" என்று என் தோளைப் பிடித்தீர்கள். நான் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து கண் துடைக்க உங்கட லேஞ்சியைத் தந்தீர்கள். கடைசிச் சுற்றில் உங்கட ஆள் வென்றார். "ரெண்டுபேருமாச் சேந்து வெல்ல வைச்சிட்டம்" என்று வீடு வரும்வரை காரில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள், பாவி மனுசன்.

இருபது வருசம் அந்த இரண்டாம் சுற்று வோட்டை விழுங்கிக்கொண்டு உங்களோடு வாழ்ந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். நீங்கள் கட்டிலில் கிடந்தபடி ஒரு சுளையைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டீர்கள்:

"ஏனப்பா அண்டைக்கே சொல்லேல்லை? நானும் அவவுக்குப் போட்டிருப்பனே."

உண்மையாகச் சொன்னீர்களோ, என்னைத் தேற்றச் சொன்னீர்களோ, தெரியாது. கேட்பதற்குள் போய்விட்டீர்கள். என்ரை வோட்டை நீங்கள் தீர்மானிக்கப் பார்த்தீர்கள் என்று எத்தனை வருசம் உள்ளுக்குள் கறுவியிருப்பேன். உங்கட மனதையே நான் தீர்மானித்து வைத்திருந்தேன், ஒருதரமும் கேட்டுப் பார்க்காமல்.